சித்திரை வெயிலும் வீட்டுத் தோட்டமும்: வாசகர் கேள்வி – பதில்

மாசி கழிந்து பங்குனி பிறந்ததும் இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களின் நிறமே மாறிவிடுகிறது. தை மாதத்தில் பூத்தது, காய்த்தது என்று எழுதியவர்கள் இப்போது வாடியது, உதிர்ந்தது என்று எழுதுகிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் சுருக்கி எடுத்துக்கொண்டு, பதிலைச் சற்று விரிவாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மகள் குளிர்நாடு ஒன்றில் வசிக்கிறாள். மார்ச் மாதம் வந்ததும் அவள் தன் தோட்டத்துச் செடிகளைக் கவாத்து செய்து, உரமிட்டு, புது நாற்றுகளை நடுகிறாள். நம்மவர்களும் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றுதானே வகுத்திருக்கிறார்கள்? என் வீட்டு ரோஜா, செம்பருத்தி ஆகியவற்றை இப்போது வெட்டி உரம் வைக்கலாமா? (பாளையங்கோட்டை வாசகி)

பதில்: வேண்டாம், அம்மா. உங்கள் மகள் செய்வது அவர் இருக்கும் ஊருக்கு முற்றிலும் சரி. அதையே பாளையங்கோட்டையில் செய்தால் செடிதான் துன்பப்படும். உறைபனி விழும் நாடுகளில் செடிகள் குளிர்காலம் முழுவதும் உறங்குகின்றன. வேரிலும் தண்டிலும் உணவைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மண் சூடேறுவதற்காக அவை காத்திருக்கின்றன. பனி உருகி மண்ணில் ஈரம் நிறைந்திருக்கும் அந்த நேரத்தில் கிளையை வெட்டினால், சேர்த்து வைத்த உணவெல்லாம் புதுத் தளிராகப் பொங்கி எழும்.

நம் செடிகளுக்கு அப்படியோர் உறக்கம் கிடையாது. ஐப்பசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையை நம்பி வளரத் தொடங்குபவை, கார்த்திகை, மார்கழி, தை என்று ஓடி ஓடி உழைத்துவிட்டுப் பங்குனியில் களைத்து நிற்கின்றன. கிணற்றில் தண்ணீர் இறங்குகிறது; பிசான நெற்பருவத்தின் அறுவடை முடிந்து கால்வாய்களும் வற்றிவிடுகின்றன; வெயிலோ கத்திரிக்கு முன்பே 40 டிகிரி செல்சியஸை எட்டிப்பார்க்கிறது. இந்த நேரத்தில் வெட்டி உரம் வைத்தால் செடி தளிர் விடத்தான் செய்யும். ஆனால் அந்தத் தளிரின் தோல் மெல்லியது. அதற்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். நான்கு நாள் வெயிலில் அதன் நுனி கருகிவிடும். ரோஜாவுக்குக் கவாத்துக் காலம் மழைக்காலத்தை ஒட்டிய ஐப்பசி முதல் மார்கழி வரைதான். செடியின் கணக்கில் நம் ஊரின் வசந்தம் ஐப்பசியில் பிறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் முன்னோர் சித்திரையை இளவேனில் என்றது தவறா என்று நீங்கள் கேட்கக்கூடும். தவறில்லை. உங்கள் தெருவிலுள்ள வேம்பையும் புங்கையும் அரசையும் நிமிர்ந்து பாருங்கள். ஒரு துளி மழை இல்லாத பங்குனியில் அவை இலையுதிர்த்துப் புதுத் தளிர் விட்டு மின்னுகின்றன. சித்திரை விசுவன்று கனி காண்பதற்குள் வேப்பம்பூவும் வந்துவிடுகிறது. ஆழத்தில் இருக்கும் ஈரத்தை எட்டும் வேர் உடைய மரங்களுக்கே அந்த இளவேனில் உரியது. ஒன்றரை அடித் தொட்டியில் வாழும் ரோஜாவுக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே இப்போது நீங்கள் செய்ய வேண்டியது வளர்ப்பதற்கான வேலையன்று, காப்பதற்கான வேலை. காய்ந்த குச்சிகளையும் வாடிய பூக்களையும் மட்டும் கிள்ளி எடுங்கள். மேல் மண்ணைக் கிளறாமல் சருகையோ தென்னை மட்டையின் துணுக்குகளையோ மூடாக்காகப் பரப்புங்கள். யூரியா போன்ற உரங்களைத் தொடாதீர்கள். நன்றாக மட்கிய எருவை ஒரு கைப்பிடி மூடாக்கின் கீழ் போட்டால், அடுத்த மழைக்குச் செடி அதை எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: மொட்டை மாடியில் பைகளில் வெண்டையும் கத்தரியும் வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியும் பகல் இரண்டு மணிக்கு எல்லாம் தலை தொங்கிவிடுகின்றன. மூன்றாம் வேளையும் ஊற்றவா? (வண்ணார்பேட்டை வாசகர்)

பதில்: ஊற்றுவதற்கு முன் விரலைப் பைக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருக்கும்போதே இலை தொங்குமானால், வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை இழக்கும் வேகம் கூடிவிட்டது என்பதே பொருள். மாலை ஐந்தரை மணிக்கு அது தானே நிமிர்ந்துவிடும். அதற்குத் தண்ணீர் தேவையில்லை, நிழல்தான் தேவை. விடியற்காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது பெரும்பாலும் வேர் அழுகியிருக்கும், அதற்குக் காரணமும் நாம் பரிவோடு ஊற்றிய மூன்றாம் வேளைத் தண்ணீராகவே இருக்கும்.

தளம் வாங்கிய வெப்பம் பையின் அடியில் ஏறுவதைத் தடுக்க, இரண்டு செங்கல்லையோ மரச்சட்டத்தையோ கொடுத்துப் பைகளைத் தூக்கி வையுங்கள். தனித்தனியாக நிற்கும் பைகளை நெருக்கி ஒன்றாக அடுக்கி, மேற்கு வெயில் படும் வெளி வரிசையைப் பழைய சாக்கால் சுற்றிவிடுங்கள். வெயில் படும் பக்கத்து வேர்கள்தான் முதலில் சாகின்றன. 50 விழுக்காடு நிழல் தரும் பச்சை வலையை ஆள் உயரத்துக்கு மேலே, காற்று புகும்படி கட்ட வேண்டும். செடியின் தலையை ஒட்டிக் கட்டினால் உள்ளே புழுக்கம் மிகும். வலை வாங்க மனமில்லையென்றால், கிழிந்த பத்தமடைக் கோரைப் பாயோ பனையோலையோ மேற்குப் பக்கத்தில் தட்டியாக நின்றால் போதும். என் வீட்டில் இன்றும் பாய்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாடியில் வெயிலில் கிடக்கும் குழாயில் முதலில் வருவது கொதிநீருக்குச் சற்றுக் குறைந்த தண்ணீர். அதை ஒரு வாளியில் பிடித்து ஆறவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சுபவர்களுடைய பைகளின் மேல் வெள்ளையாகப் படியும் பொருள் உப்பு. கோடையில் தண்ணீர் ஆவியாக ஆவியாக அது சேர்ந்துகொண்டே போகும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, தாமிரபரணித் தண்ணீர் வரும் நாளில், பையின் அடித்துளை வழியே தாராளமாக ஒழுகும் அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்றி அந்த உப்பைக் கழுவிவிடுங்கள்.

கேள்வி: எலுமிச்சைக்குப் பெயர் பெற்ற ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது. என் வீட்டு மரத்தில் ஆடி, ஆவணியில் பழம் கொட்டிக் கிடக்கிறது. ஒரு பழம் விலை ஏறி விற்கும் சித்திரையிலோ நன்னாரி சர்பத்துக்குக்கூட வெளியில் வாங்க வேண்டியிருக்கிறது. இப்போது இருக்கும் பிஞ்சுகளும் உதிர்கின்றன. (புளியங்குடி வாசகர்)

பதில்: வெட்கப்பட வேண்டாம், எல்லோர் மரமும் உங்கள் மரத்தைப் போல இருப்பதனால்தான் சித்திரையில் விலை ஏறுகிறது. எலுமிச்சை பூத்துப் பழமாக ஐந்து முதல் ஆறு மாதங்கள் ஆகும். தை, மாசியில் பெரும்பூ பூப்பதால் ஆடியை ஒட்டிப் பழம் குவிகிறது. சித்திரையில் பழம் வேண்டுமானால் ஐப்பசி, கார்த்திகையில் பூக்க வேண்டும். எலுமிச்சை பூப்பதற்கு முன்னால் சில வாரம் தண்ணீர் குறைந்து மரம் சற்றே வாட வேண்டும். ஐப்பசியிலோ நமக்கு அடைமழை. மண் ஈரமாகவே இருப்பதால் மரம் பூவை விட்டுவிட்டு இலையை வளர்க்கிறது. ஆவணி, புரட்டாசியில் தண்ணீரை நிறுத்தி மரத்தை வாட்டிப் பார்க்கலாம். மழை சற்றுத் தாமதித்த ஆண்டுகளில் அது பலிக்கும், முந்திக்கொண்ட ஆண்டுகளில் பலிக்காது. ஒற்றை மரம் வைத்திருப்பவர் ஆடிப் பழத்தை ஊறுகாயாகப் போட்டுக்கொள்வதே எளிது என்பது என் எண்ணம்.

இப்போது பிஞ்சு உதிர்வதைப் பார்ப்போம். பத்து நாள் காயவிட்டுப் பிறகு குளம்போல் நிரப்புவதே உதிர்வுக்கும் பழ வெடிப்புக்கும் முதற்காரணம். வளர்ந்த மரத்துக்கு வாரம் தவறாமல், கிளைகளின் நிழல் விழும் பரப்பு முழுவதும் நனையும்படி பாய்ச்சுங்கள். தண்டைச் சுற்றி ஒரு சிறு மண்மேடு அமைத்து, அதற்கு வெளியேதான் தண்ணீர் நிற்க வேண்டும். அடித்தண்டில் ஈரம் தங்கினால் பிசின் வடியும் நோய் வரும். பாத்தியை மண்வெட்டியால் கொத்தாதீர்கள், ஏனெனில் உணவெடுக்கும் வேர்கள் மேல் மண்ணிலேயே பரவியிருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு பிழை செய்தேன். பங்குனியில் மரம் சோர்ந்திருப்பதாகத் தோன்றவே, இரண்டு கை யூரியா போட்டுத் தண்ணீர் விட்டேன். பத்து நாளில் மரம் முழுவதும் பளபளவென்று தளிர். அதற்கு அடுத்த வாரமே ஒவ்வொரு தளிரிலும் வெள்ளிக் கோடு இழுத்ததுபோல் இலைத்துளைப்பான் புழுவின் தடம். அது துளைத்த புண்ணின் வழியே, கோடை மழை பெய்தவுடன், சொறி நோயும் நுழைந்துவிட்டது. அந்த மரம் தேற இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஒரு வெட்டு மட்டும் இப்போது செய்யத் தக்கது. பழுப்பு நிறத்தில் மேடுதட்டிய சொறிப் புள்ளிகள் உள்ள குச்சிகளையும் பட்டுப்போன கிளைகளையும் இந்த வறண்ட காலத்திலேயே நீக்கிவிட வேண்டும். இந்த நோய் மழைத்துளி தெறித்துப் பரவுவது. மழைக்காலத்தில் வெட்டினால் நாமே பரப்பியவர்கள் ஆவோம். வெட்டிய குச்சிகளை எரித்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் மயில்துத்தமும் பத்து கிராம் சுண்ணாம்பும் தனித்தனியே கரைத்துக் கலந்த போர்டோக் கலவையை மாலையில் தெளியுங்கள்.

கேள்வி: சுரை, பீர்க்கு, பூசணி மூன்றும் பந்தலிலும் தரையிலுமாகப் படர்ந்து நிறையப் பூக்கின்றன. பூவெல்லாம் உதிர்கிறதே தவிரப் பிஞ்சு நிற்கவில்லை. உரம் போதவில்லையா? (ஆலங்குளம் வாசகி)

பதில்: உரம் போதாமல் இல்லை, ஒருவேளை கூடிப்போயிருக்கலாம். இந்தக் கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பூவின் அடியில் குட்டிச் சுரைக்காய் போலவோ குட்டிப் பூசணி போலவோ ஒன்று தெரிந்தால் அது பெண் பூ. மெல்லிய காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. கொடி முதலில் ஆண் பூக்களையே விடும். பகல் நீண்டு வெயில் கடுமையாகும் காலத்திலும், தழைச்சத்து மிகும்போதும் ஆண் பூக்களின் எண்ணிக்கை இன்னும் கூடும். அவை ஒரு நாள் இருந்து உதிர்வது இயற்கை. அதைக் குறையாக எண்ண வேண்டாம். கொடியின் நுனியைப் பத்துப் பன்னிரண்டு இலை வந்தபின் கிள்ளிவிடுங்கள். பெண் பூக்கள் பெரும்பாலும் பக்கக் கொடிகளில்தான் வருகின்றன. சுரையில் இது மிகத் தெளிவாகத் தெரியும்.

பெண் பூ வந்தும் பிஞ்சு மஞ்சளாகி வெம்பிப்போனால், மகரந்தம் சேரவில்லை என்று அறியலாம். அப்போது கையால் சேர்க்க வேண்டும். இதில் பலரும் செய்யும் பிழை நேரத்தைப் பற்றியது. எல்லாக் கொடிகளும் ஒரே வேளையில் பூப்பதில்லை. பூசணியும் தடியங்காயும் பாகலும் வெள்ளரியும் விடியலில் மலர்பவை. பூசணிப் பூ வெயில் ஏறியதும் சுருங்கிவிடும், ஆகையால் காலை எட்டு மணிக்குள் வேலையை முடிக்க வேண்டும். சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்பவை. புடலை இரவுப் பூ. சுரையின் வெள்ளைப் பூவும் புடலையின் நூல் நூலான வெள்ளைப் பூவும் அந்துப்பூச்சிகளுக்காக விரிபவை. காலையில் வரும் தேனீ அவற்றைப் பார்ப்பதற்குள் அவை தளர்ந்துவிடுகின்றன. நீங்கள் காலையில் காப்பி குடித்துவிட்டுச் சுரைப் பந்தலின் கீழ் நின்றால் பயனில்லை. விளக்கேற்றிய பின் போக வேண்டும். அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுமுடியில் மெல்லத் தேய்த்தால் முடிந்தது. ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூக்களுக்குப் போதும்.

பிஞ்சு நின்ற பிறகு சிறிதாக இருக்கும்போதே அழுகி விழுந்தால் அது பழ ஈ. விழுந்ததை அங்கேயே விடாமல் பொறுக்கி, தண்ணீர் நிரம்பிய வாளியில் இரண்டு நாள் மூழ்க வைத்துப் பிறகு ஆழப் புதையுங்கள்; நிற்கும் பிஞ்சுகளுக்குத் துணிப் பையோ காகிதப் பையோ கட்டுங்கள். மருந்து தெளிக்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய பூச்சிகளையும் அது விரட்டிவிடும்.

கேள்வி: எங்கள் ஊர் கரிசல் மண். வீட்டு மல்லிகையும் பிச்சியும் மஞ்சளாகி வருகின்றன; நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. (சங்கரன்கோவில் வாசகி)

பதில்: இலை முழுவதும் மஞ்சளாகாமல் நரம்பு பச்சையாக நிற்பதும், அது இளம் இலைகளில் முதலில் தோன்றுவதும் இரும்புச்சத்துக் குறையின் அடையாளம். கரிசல் மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு மிகுந்த மண் அதைப் பூட்டி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகையால் வேரில் கொட்டுவதைவிட இலையில் தெளிப்பதே பயன் தரும். நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும், இரும்புச்சத்துள்ள அன்னபேதி உப்பை ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிராம் வீதம் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். பச்சை திரும்பும் வரை மாதம் ஒரு முறை செய்யலாம்.

இலையின் கீழ்ப்புறத்தில் மெல்லிய நூலாம்படையும் மணல் தூவியதுபோன்ற புள்ளிகளும் தெரிந்தால், அது செம்பேன். வறண்ட வெயிலில் அது பல்கிப் பெருகும். கந்தகத் தூள் தெளிக்கச் சொல்வார்கள். கடும் வெயிலில் அது இலையைச் சுட்டுவிடும் என்பதால் சித்திரையில் நான் அதைச் சொல்ல மாட்டேன். வாரம் இரண்டு முறை குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கத்தில் பீய்ச்சியடிப்பதே வீட்டுத் தோட்டத்துக்குப் போதும். பூவுக்கு இது பருவம். ஆகையால் இப்போது வெட்டாதீர்கள். மல்லிகையைக் கார்த்திகையிலும் பிச்சியை மார்கழியிலும் கவாத்து செய்துகொள்ளலாம்.

கேள்வி: தேரி மணலில் வீடு கட்டியிருக்கிறோம். ஊற்றும் தண்ணீர் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. மூடாக்குப் போட்டால் கறையான் வருகிறது. இந்த மண்ணில் தோட்டம் என்பதே வீண் ஆசையா? (சாத்தான்குளம் வாசகர்)

பதில்: பனையும் முந்திரியும் செழிக்கும் மண்ணை அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்தச் செம்மணலில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் களி குறைவு. அந்தக் களியை நாம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதற்கு இதைவிட ஏற்ற காலம் ஆண்டில் வேறு கிடையாது. குளங்கள் வற்றிக் கிடக்கும் சித்திரை, வைகாசியில்தான் நம் முன்னோர் வண்டி கட்டிக் கரம்பை அடித்தார்கள். ஆற்றிலிருந்து கால்வாய் வழியாக வந்து குளத்தின் அடியில் படிந்த அந்த வழவழப்பான வண்டல், வயலுக்கும் உரமாயிற்று. எங்கள் ஆச்சி காலத்தில் தலைக்குத் தேய்த்துக் குளிக்கவும் ஆயிற்று. இன்று குளத்தில் மண் எடுக்க வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும். அனுமதி பெற்று எடுத்து வருபவரிடம் ஒரு சிறு சுமை கேட்டுப் பாருங்கள். செடி வைக்கும் குழியை இரண்டடி ஆழம் தோண்டி, எடுத்த மணலோடு மூன்றில் ஒரு பங்கு கரம்பையும் ஒரு பங்கு மட்கிய எருவும் கலந்து நிரப்புங்கள். குழியின் அடியில் தேங்காய் மட்டைகளை, குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி, ஓர் அடுக்குப் பரப்பினால் அவை தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

தண்ணீரை ஊற்றுவதைவிடக் கசிய விடுவதே தேரிக்கு ஏற்றது. காருக்குறிச்சியில் சுடும் மண்பானைகளில் ஐந்தாறு லிட்டர் பிடிக்கும் ஒன்றை, சாயம் பூசாததாகப் பார்த்து வாங்கி, கழுத்துவரை மண்ணில் புதையுங்கள். பானையைச் சுற்றி ஒரு சாண் தள்ளி நான்கு பாகல் விதையோ பீர்க்கு விதையோ ஊன்றலாம். மண் காயும்போது பானையின் நுண்துளைகள் வழியாக ஈரம் தானே கசியும்; மண் நனைந்திருக்கும்போது கசிவு குறையும். வாயை ஓட்டுச் சில்லாலோ மூடியாலோ கட்டாயம் மூடுங்கள், இல்லையேல் கொசு வளரும். உவர்த் தண்ணீர் ஊற்றினால் சில மாதங்களில் துளைகள் அடைபடும். அப்போது பானையை எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்து வெயிலில் காயவைத்துத் திரும்பப் புதைக்க வேண்டும்.

கறையானுக்கு அஞ்சி மூடாக்கைக் கைவிட வேண்டாம். அது பெரும்பாலும் காய்ந்த பொருளையே தின்பது. ஈரமில்லாத தோட்டத்தில்தான் உயிருள்ள தண்டைத் தேடி வருகிறது. மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் விலக்கிப் போடுங்கள், வேப்பம்புண்ணாக்கை இரண்டு கைப்பிடி அடியில் தூவுங்கள். கோடையில் மூடாக்கின் குளிர்ச்சிக்குப் பாம்பும் தேளும் ஒதுங்கும் என்பதால், கையை விடுமுன் ஒரு குச்சியால் கிளறிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கறிவேப்பிலை பூத்துவிட்டது. பூக்க விடலாமா? (கல்லிடைக்குறிச்சி வாசகி)

பதில்: இலை வேண்டுமென்றால் பூங்கொத்தைக் கிள்ளிவிடுங்கள். கன்று வேண்டுமென்றால் ஒரு கொத்தை மட்டும் விட்டு, பழம் கறுத்ததும் சதையை நீக்கி உடனே விதையுங்கள். எடுத்து வைத்த விதை முளைக்காது.

கேள்வி: தென்னை ஓலையின் அடியில் வட்ட வட்டமாக வெள்ளைப் படிவு. கீழேயுள்ள கொய்யா இலை எல்லாம் கரி பூசியதுபோல் இருக்கிறது. மரத்துக்கு மருந்து அடிக்க ஆள் வந்திருக்கிறார். (கடையம் வாசகர்)

பதில்: அவருக்கு ஒரு காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். இது சுருள் வெள்ளை ஈ. தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்டுப் பின் எங்கும் பரவியது. அது சுரக்கும் இனிப்பான கழிவு கீழே சொட்ட, அதன் மேல் கரும்பூசணம் வளர்கிறது. இந்த ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அழிக்கும் என்கார்சியா என்னும் மிகச் சிறிய குளவி இயற்கையிலேயே இருக்கிறது. கடும் பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். ஈ சில வாரத்தில் திரும்பிவிடும். ஆமணக்கு எண்ணெய் தடவிய மஞ்சள் நிறத் தாள்களை ஆள் உயரத்தில் தண்டில் கட்டுங்கள். எட்டும் ஓலைகளின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். கரும்பூசணத்துக்கு, லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவைக் காய்ச்சிக் கரைத்து ஆறவைத்துத் தெளித்தால், அது காய்ந்து உரியும்போது கரியையும் பெயர்த்துக்கொண்டு வரும். கோடையில் குரும்பை உதிராமலிருக்க அடிமரத்திலிருந்து ஆறடி தூரம் வரையுள்ள வட்டப் பாத்தியில் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்வது இதைவிட முக்கியம்.

கேள்வி: முருங்கை கொத்துக் கொத்தாகப் பூத்து உதிர்கிறது. வெட்டிவிட்டால் அடுத்த முறை காய்க்குமா? (எட்டயபுரம் வாசகர்)

பதில்: காய்ப்புக் காலத்தில் வெட்டாதீர்கள். முருங்கைப் பூ இரண்டு காரணங்களால் உதிரும்: ஒன்று கடும் வறட்சி, மற்றொன்று பூத்திருக்கும்போது திடீரென்று நிறையத் தண்ணீர் பாய்ச்சுவது. இரண்டாவதைத்தான் வீடுகளில் அதிகம் பார்க்கிறேன். கிணற்றடியிலும் வாறுகால் (சாக்கடை) ஓரத்திலும் நிற்கும் மரம் தழைத்துக்கொண்டே இருக்கும், காய்க்காது. காய் ஓய்ந்தபின் மூன்றடி உயரத்தில் வெட்டிக் கொள்ளலாம். உங்கள் பக்கத்தாருக்கு முருங்கையைப் பற்றிப் பெருமைப்படவும் காரணம் உண்டு. இன்று நாடு முழுவதும் பயிராகும் பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை பெரியகுளத்தில் உருவாக்கப்பட்டது என்றாலும், அதன் மூலம் உங்களுக்கு அருகிலுள்ள எப்போதும்வென்றான் நாட்டு முருங்கைதான்.

கேள்வி: காப்பதைப் பற்றியே எழுதுகிறீர்கள். விதைக்க ஒன்றுமே இல்லையா? (அம்பாசமுத்திரம் வாசகி)

பதில்: இருக்கிறது, ஆனால் பட்டியல் குறுகியது. வெண்டை, சீனியவரை (கொத்தவரை), தண்டங்கீரை ஆகியவை வெயிலைத் தாங்கும். வெண்டை விதையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றுங்கள். இலை நரம்பு மஞ்சளாகி வலைபோலத் தெரியும் செடியைத் தயங்காமல் பிடுங்கிவிடுங்கள், ஏனெனில் அந்த நச்சுயிரியை வெள்ளை ஈ மற்றச் செடிகளுக்குக் கொண்டுபோகும். கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு நாற்றங்கால் போட ஆனி வரை பொறுத்திருந்து, ஆடியில் பிடுங்கி நடலாம்.

ஒரு கோடை மழை பெய்து மண் இளகினால், காலியாகக் கிடக்கும் பாத்தியைக் கொத்திவிட்டுக் கொழிஞ்சி தூவுங்கள். பிசான அறுப்பு முடிந்த வயல்களில் எஞ்சிய ஈரத்தில் முளைத்து, ஆடு மாடு வாய் வைக்காததால் வேலியே இல்லாமல் வளர்ந்து, அடுத்த நடவுக்கு உரமாகிய செடி அது. விதையின் தோல் மிகவும் கடினமானது. மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைத்தால்தான் ஒன்றாக முளைக்கும். பூக்கும் நேரத்தில் மண்ணோடு மடக்கிவிட வேண்டும்.

பொங்கலுக்கு வாங்கிய சிறுகிழங்கில் நான்கைந்தை எடுத்து வைத்திருந்தீர்களானால் அவற்றுக்கும் வேலை வருகிறது. வைகாசிக் கடைசியில், மேற்கே சாரல் காற்று தலைகாட்டும்போது, நிழலான ஓரிடத்தில் மண்ணைப் பொலபொலப்பாக்கி, கிழங்குகளை ஒரு சாண் இடைவெளியில் ஊன்றிப் பூவாளியால் நனைத்து வாருங்கள். ஒன்றரை மாதத்தில் கொடி விடும். அந்தக் கொடியின் நுனிகளை ஒரு சாண் நீளத்துக்குக் கிள்ளி ஆடியில் மேட்டுப்பாத்தியில் நட்டு, கொடி ஓடத் தொடங்கியதும் ஒரு முறை மண் அணைத்துவிட்டால், மார்கழி முடிவில் தோண்டலாம்.